உழைக்கும் மகளிரும் பேறுகால உரிமையும்

நாற்று நடுவதும் களை பறிப்பதுமே கிராமத்துப் பெண்களின் வேலை என்றிருந்த காலம் மறைந்துவிட்டது. விடியற்காலையில் நம் ஊர்களின் கூட்டுரோட்டில் வந்து நிற்கும் மில் பஸ்களைக் கண்டாலே இது விளங்கும். நூற்பாலைக்கும், பின்னலாடைத் தொழிற்சாலைக்கும், தோல் காலணிக் கம்பெனிக்கும், தீப்பெட்டி ஆலைக்கும் செல்லும் பெண்கள் அவற்றில் நிறைந்துள்ளனர். மலைப்பகுதிகளில் தேயிலைக் கொழுந்து பறிப்போருள் பெரும்பாலார் பெண்களே. கட்டட வேலையில் சித்தாள் இல்லாமல் ஒரு சுவரும் எழுவதில்லை.

இப்பெண்களுள் ஒருத்தி கருவுற்றால் நிகழ்வது என்ன? ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ மேஸ்திரியிடமோ சூப்பர்வைசரிடமோ சொல்லிவிட்டு, நிலுவைக் கூலியை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறாள். குழந்தை தவழத் தொடங்கியபின் புது ஆளாக மீண்டும் வேலையில் சேருகிறாள். இடையில் நேர்ந்ததைப் பற்றிக் கேட்டால், "வேலையை விட்டு நின்றுவிட்டேன்" என்பதே விடை. இச்சொல்லை நம் வட்டாரங்களில் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். சட்டப்படி அவள் இருந்தது விடுமுறையில். 'நின்றுவிட்டேன்' என்னும் சொல்லுக்கும் 'விடுமுறையில் இருக்கிறேன்' என்னும் சொல்லுக்கும் இடையே உள்ள வேறுபாடு, அரை ஆண்டுச் சம்பளம். அது அவளுக்குச் சேரவேண்டிய பணம். அதனை அவள் எவ்வாறு பெறலாம் என்பதை மகளிர் குழுக்களிலும் கிராம சபைகளிலும் படித்துக் காட்டத்தக்க வகையில் ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

சட்டம் வந்த வழி

பேறுகால விடுமுறையை அண்மையில் யாரோ கருணை கூர்ந்து வழங்கிய சலுகை என்று கருதுவோர் உளர். அதன் வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. முதல் உலகப் போர் முடிந்ததும், 1919ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டின் முதற்கூட்டத்திலேயே பேறுகாலப் பாதுகாப்புப் பற்றிய ஒப்பந்தம் நிறைவேறிற்று. பிரசவத்திற்கு முன்னும் பின்னும் ஆறு ஆறு வாரம் ஓய்வு, அக்காலத்தில் தாயும் சேயும் நலமுடன் வாழப் போதிய பணம் என்பன அதன் சாரம்.

நம் நாட்டில் பம்பாய் மாகாணம் முந்திக்கொண்டது. 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் இம்மசோதா விவாதத்திற்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். மறு ஆண்டு அது சட்டமாயிற்று. சென்னை மாகாணத்திற்கு 1934ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. விடுதலைக்குப்பின் நம் அரசியல் சாசனமும் 42ஆம் ஷரத்தில் பேறுகால உதவிக்கு அரசு வழிவகை செய்யவேண்டும் என்று கூறிற்று. நாடு முழுமைக்கும் உரிய பேறுகால உதவிச் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது.

அச்சட்டம் முதலில் 12 வார விடுமுறையே அளித்தது. அதுவும் ஓராண்டில் 160 நாள் வேலை செய்தவர்க்கே உரியதாயிருந்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் 160 நாளை 80 ஆகக் குறைத்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 12 வாரத்தை 26 ஆக உயர்த்தியது. அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இவ்விதிகள் யாவும் இன்று 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ளது. சட்டத்தின் பெயர் மாறிற்றேயன்றி, 80 நாள், 26 வாரம் என்னும் இரு எண்களும் மாறவில்லை.

பத்திரிகைகளில் பெரிதாக அச்சாவது 26 என்னும் எண். நம் கிராமப் பெண்களுக்கு முதலில் கற்பிக்க வேண்டியது 80 என்னும் எண் என்பது நம் கருத்து. முன்னது கிடைப்பதும் கிடைக்காததும் பின்னதைப் பொறுத்தே இருக்கிறது.

எண்பது நாள்

பிரசவம் ஆகும் என்று மருத்துவர் குறித்த நாளுக்கு முந்திய 12 மாதங்களில், ஒரு முதலாளியிடம் குறைந்தது 80 நாள் வேலை செய்திருந்தால், அவரிடம் பேறுகால ஊதியம் கேட்கும் உரிமை பிறந்துவிடுகிறது. அந்த 80 நாளும் தொடர்ச்சியாக இருக்கவேண்டுவதில்லை. மாசியில் 30 நாள், சித்திரைத் திருவிழாவுக்கு ஊர் சென்று திரும்பியபின் 50 நாள் என்றிருந்தாலும் போதும். ஆலையில் வேலை இல்லை என்று முதலாளியே சட்டப்படி ஆட்குறைப்பாக நிறுத்திவைத்த நாட்களும், சம்பளத்துடன் கூடிய சட்டப்படியான விடுமுறை நாட்களும் இக்கணக்கில் சேரும். ஆண்டு முழுவதும் வேலை செய்திருக்கவேண்டும், வேலை நிரந்தரமாகியிருக்கவேண்டும் என்றெல்லாம் சிலர் சொல்லுவர். அவை சட்டத்தில் இல்லாத நிபந்தனைகள். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த பெண்ணும் ஊழியரே ஆவாள்.

சட்டம் எல்லா இடங்களுக்கும் பொருந்துவதன்று. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றிற்கும், பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள், நிறுவனங்களுக்கும் பொருந்தும். தனியார் பள்ளி, ஜவுளிக்கடை, மருத்துவமனை போன்றவை இதில் அடங்கும். மூன்று பேரை வைத்து நடத்தும் தையற்கடைக்கு இது பொருந்தாது.

தினக்கூலிப் பெண்களுக்கு இவ்வுரிமை உண்டா என்னும் ஐயத்தை உச்ச நீதிமன்றம் நெடுநாளுக்கு முன்பே தீர்த்துவிட்டது. தில்லி மாநகராட்சியில் சாலை போடுவதும் குழி தோண்டுவதுமாகிய கடின வேலைகளில் பெண்கள் மஸ்டர் ரோல் கூலிகளாக ஆண்டுக்கணக்கில் உழைத்துவந்தனர். நிரந்தர ஊழியர்க்கு வழங்கிய பேறுகால விடுமுறையை இவர்களுக்கு மாநகராட்சி மறுத்தது. நிரந்தரம் செய்யப்படாதவர்களுக்குச் சட்டம் பொருந்தாது என்பது அதன் வாதம். வழக்கு தொழில் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் எனப் படியேறி உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. சட்டத்தின் எந்த வாசகமும் தினக்கூலிப் பெண்ணை விலக்கவில்லை என்று நீதிபதிகள் தெளிவாக உரைத்தனர். தீர்ப்பு வந்த நாள் 2000ஆம் ஆண்டு மார்ச் 8. அது சர்வதேச மகளிர் தினமாக அமைந்தது தற்செயலோ அன்றோ, நாம் அறியோம். ஆனால் மகளிர் தின விழாக்களில் கோலப்போட்டிக்கு ஒதுக்கும் நேரத்தில் கால்மணி நேரம் இத்தீர்ப்பைச் சொல்வதற்கு ஒதுக்கலாம் என்று தோன்றுகிறது.

இனி, 80 நாளை மெய்ப்பிப்பது எவ்வாறு என்பதே பெருங்கேள்வி. உரிமை மறுக்கப்படும்போது, "உனக்கு உரிமையில்லை" என்று யாரும் சொல்லுவதில்லை. "நீ இங்கே எண்பது நாள் வேலை செய்யவில்லை" என்றே சொல்லுகின்றனர். வருகைப் பதிவேடு முதலாளியின் அலமாரியில் இருக்கிறது. பெண்ணின் கையில் இருப்பது யாது? வங்கிக் கணக்கில் கூலி வரவு வைக்கப்பட்டிருந்தால் அதுவே சிறந்த சான்று. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சேமநிதி எண், ஈட்டுறுதி எண் ஆகிய ஒவ்வொன்றும் துணைபுரியும். கூலியைக் கையில் ரொக்கமாக வாங்குவோர், சுவரில் தொங்கும் நாட்காட்டியில் வேலைக்குச் சென்ற நாட்களைச் சுழித்து வைப்பது நன்று. அது தனியே முடிந்த சான்று ஆகாது எனினும், எந்தத் தேதிகளுக்குப் பதிவேட்டைக் காட்டவேண்டும் என்று கேட்பதற்கு அது உதவும். திருமணமான உடனேயே இப்பழக்கத்தைத் தொடங்கச் சொல்லுகிறோம்; கருவுற்றபின் பின்னோக்கி எண்ணுவது எளிதன்று.

ஒரு கணக்கு

உரிமை எவ்வளவு பணமாக மாறுகிறது என்பதை ஒரு கணக்கின் மூலம் காண்போம். பெண் விடுமுறையில் செல்லும் நாளுக்கு முந்திய மூன்று மாதங்களில் அவள் வேலை செய்த நாட்களுக்குரிய கூலியைக் கூட்டி, அந்நாட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். இதுவே சராசரி நாட்கூலி. ஒருத்தி அம்மூன்று மாதங்களில் 70 நாள் வேலை செய்து 28,000 ரூபாய் பெற்றாள் எனக் கொள்வோம். சராசரி நாட்கூலி 400 ரூபாய். 26 வாரத்திற்கு, வாரம் ஏழு நாளாக, 182 நாள். 400ஐ 182ஆல் பெருக்கினால் 72,800 ரூபாய் வருகிறது.

இங்கே வாரத்திற்கு ஏழு நாளா, ஆறு நாளா என்று சிலர் கேட்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமை கூலியில்லா நாள்தானே, அதனைக் கழித்துவிடலாமே என்னும் வாதம் முன்னரே எழுந்தது; எழுந்த இடமும் நம் மாநிலமே. தோட்டத் தொழிலாளியான ஒரு பெண்ணுக்கு 1967இல் குழந்தை பிறந்தது. அன்றைய 12 வாரத்துக்கு 84 நாள் ஊதியம் தராமல், ஞாயிறுகளை நீக்கி 72 நாளுக்கே நிர்வாகம் கணக்கிட்டுக் கொடுத்தது. அப்பெண் விட்டுவிடவில்லை. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாரம் என்றால் ஏழு நாளே, ஞாயிறும் சேரும் என்று 1977இல் தீர்ப்பாயிற்று. பன்னிரண்டு நாள் கூலிக்காகப் பத்தாண்டுக் காலம் நடந்த வழக்கு அது. நாம் மேலே போட்ட கணக்கில் ஞாயிறுகளைக் கழித்திருந்தால் 156 நாளுக்கு 62,400 ரூபாயே வந்திருக்கும். இன்று பிரசவிக்கும் பெண்ணொருத்தியின் கையில் 10,400 ரூபாய் கூடுதலாகச் சேருவதற்குக் காரணம், தோட்டத்தில் உழைத்த அந்த ஒரு பெண்ணின் பிடிவாதம்.

இத்துடன், பிரசவத்திற்கு முன்னும் பின்னும் முதலாளி இலவச மருத்துவ வசதி செய்து தராவிடில் 3,500 ரூபாய் மருத்துவத் தொகையும் உண்டு.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கு ஊழியர் அரசு ஈட்டுறுதித் திட்டம் பொருந்தும் இடங்களில், இப்பணத்தை முதலாளி தருவதில்லை. ஈட்டுறுதிக் கழகம் தருகிறது. சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் பெண்ணிடமும், மூன்றேகால் ரூபாய் முதலாளியிடமும் பிடிக்கப்படுவது இவைபோன்ற செலவுகளுக்காகவே. ஆனால் சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டப்பட்டிருப்பதும், பணம் கழகத்திற்குச் சென்றிருப்பதும் வேறு வேறு செய்திகள். ஈட்டுறுதி எண்ணைக் கொண்டு கிளை அலுவலகத்தில் விசாரித்துச் சந்தா ஒழுங்காகச் செலுத்தப்பட்டுள்ளதா என்று கருவுற்ற தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

தாய்வீடும் அறிவிப்புக் கடிதமும்

26 வாரத்தில் எட்டு வாரம் வரை பிரசவத்திற்கு முன் எடுத்துக்கொள்ளலாம். நம் வழக்கத்தில் வளைகாப்பு முடித்துத் தாய்வீடு செல்லும் காலமும் ஏறக்குறைய இதுவே. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதும், பிள்ளை பெற்றவளை மூன்று மாதமோ ஐந்து மாதமோ அங்கேயே வைத்துக் காயமும் பத்தியச் சோறும் கொடுத்துத் தேற்றுவதும் நம் முன்னோர் சட்டமின்றியே ஏற்படுத்திய விடுமுறை அன்றோ? பிரசவம் மறுபிறப்பு என்று சொல்லிய சமுதாயம் ஓய்வின் அருமையை அறிந்தே இருந்தது. அந்த ஓய்வுக்காலத்தின் செலவைப் பெற்றோர் தலையில் வைத்ததுதான் அதில் உள்ள குறை.

இவ்வழக்கம் ஒரு சிக்கலையும் உண்டாக்குகிறது. பெண் வேலை செய்வது ஒரு மாவட்டம். தாய்வீடு மற்றொரு மாவட்டம். வளைகாப்பு நாளன்று வண்டி ஏறும் அவசரத்தில் யாரும் ஆலைக்குக் கடிதம் எழுதுவதில்லை. சில வாரம் சென்றபின் 'தகவலின்றி வராதவர்' என்று அவள் பெயர் பதிவேட்டினின்றும் நீக்கப்படுகிறது.

ஆதலின், புறப்படுமுன் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்துவிட வேண்டும். எந்த நாள் முதல் விடுமுறை, எதிர்பார்க்கும் பிரசவ நாள் எது, பணத்தை யாரிடம் தரவேண்டும், விடுமுறைக் காலத்தில் வேறெங்கும் வேலை செய்யமாட்டேன் என்னும் உறுதி ஆகிய இவையே அதில் இருக்கவேண்டியவை. அதற்கெனப் படிவம் உண்டு. கொடுத்ததற்கு ஒப்புகை பெறவேண்டும். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். முன்னரே கொடுக்க இயலாதவர் பிரசவத்திற்குப்பின் விரைவிலே கொடுக்கலாம். அறிவிப்புக் கொடுக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் உரிமை அழிந்துவிடுவதில்லை. எனினும் வழக்காடுவதைக் காட்டிலும் ஒரு தபால் அனுப்புவது எளிது.

கருவுற்றதற்கான மருத்துவச் சான்றைக் காட்டினால், பிரசவத்திற்கு முந்திய காலத்துக்குரிய பணத்தை முன்கூட்டியே தரவேண்டும். குழந்தை பிறந்ததற்குச் சான்று காட்டிய 48 மணி நேரத்திற்குள் எஞ்சிய தொகையைத் தரவேண்டும். மாதாமாதம் வந்து வாங்கிக்கொள் என்பது சட்டம் சொல்லும் முறையன்று.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். ஊதியத்துடன் விடுமுறையில் இருக்கும் பெண், இடையில் வேறொரு நிறுவனத்தில் வேலைக்குச் சென்றால் அக்காலத்துக்குரிய உரிமையை இழக்கிறாள். தாய்வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று பக்கத்துக் கம்பெனிக்கு அனுப்பும் வீட்டார் இதனை அறிந்துகொள்வது அவசியம்.

ஓய்வைப் பற்றிய விதிகள்

பிரசவம் ஆன நாள் முதல் ஆறு வாரம் வரை ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தல் கூடாது. அவளும் வேலை செய்தல் கூடாது. அவளே விரும்பிக் கேட்டாலும் கூடாது. சட்டத்தில் ஏனையவை பெண் கேட்டுப் பெறும் உரிமைகள். இது ஒன்று மட்டும் இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தும் தடை. வறுமை ஒருத்தியைப் பச்சையுடம்புடன் வேலைக்குத் துரத்தக்கூடும் என்பதை எண்ணியே இவ்வாறு விதித்திருக்கின்றனர்.

பிரசவத்திற்கு முந்திய ஆறு வாரத்திற்கும் முன்னதான ஒரு மாதத்தில், பெண் கேட்டுக்கொண்டால், நெடுநேரம் நிற்கும் வேலையோ கடின வேலையோ தரலாகாது. நூற்பாலையில் இயந்திரங்களுக்கு நடுவே எட்டு மணி நேரம் நடந்துகொண்டே இருப்பது இவ்வகையில் அடங்கும் என்றே நாம் கருதுகிறோம். கேட்டுக்கொண்டால் என்னும் சொல்லை மறத்தலாகாது. வாய் திறந்து கேட்பவளுக்கே இது கிடைக்கும்.

கருச்சிதைவு ஏற்பட்டால் ஊதியத்துடன் ஆறு வாரம், கருத்தடை அறுவை செய்துகொண்டால் இரண்டு வாரம், கருவுற்றமையாலோ பிரசவத்தாலோ நோயுற்றால் மேலும் ஒரு மாதம் வரை விடுமுறை உண்டு. கருச்சிதைவு நேர்ந்த பெண் மூன்றாம் நாளே கொழுந்துக்கூடையைத் தூக்குவதைப் பற்றி வீட்டில்கூடப் பேசுவதில்லை. ஆறு வாரம் அவளுக்கு உண்டு என்று யார் சொல்லுவது? மாதர் குழுத் தலைவிகள்தான் சொல்லவேண்டும்.

வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தை 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளொன்றுக்கு இருமுறை இடைவேளை உண்டு. ஐம்பது பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்கவேண்டும். தாய் நாளில் நான்கு முறை அங்குச் சென்றுவரலாம். குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் தரவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 26 வாரம் என்பதும் ஆறு மாதமே. கூலிக்காக இரண்டாம் மாதத்திலேயே திரும்பும் தாயிடம் தாய்ப்பாலின் சிறப்பைப் பற்றிச் சுவரொட்டி காட்டிப் பயனில்லை.

மூன்றாம் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்பது பரவலான தவறான எண்ணம். இரண்டு குழந்தைகள் உயிருடன் உள்ளவர்க்கு விடுமுறை 12 வாரமாகக் குறைகிறதே தவிர, இல்லாமற்போவதில்லை. நம் மாநிலத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முந்திய மணத்தில் இரு குழந்தைகள் உண்டு என்ற காரணத்தால் விடுமுறை மறுக்கப்பட்டபோது, 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதனை வழங்கச் செய்தது.

சட்டம் எட்டாதோர்

இன்று ஒரு நிலத்தில் நடவு, நாளை மற்றொரு நிலத்தில் களையெடுப்பு என்று வேலை செய்யும் விவசாயக் கூலிப் பெண்ணுக்கு எந்த முதலாளி 80 நாள் கணக்குக் காட்டுவார்? நம் கிராமங்களில் இத்தகையோரின் தொகை பெரிது. இவர்களுக்காகவே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. 1927இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து, இந்நாட்டின் முதல் பெண் சட்டசபை உறுப்பினராக விளங்கிய அம்மையாரின் பெயரால் அமைந்த இத்திட்டத்தில், ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. அதில் 14,000 ரூபாய் ரொக்கமாகத் தவணைகளில் வங்கிக் கணக்கில் சேருகிறது. 4,000 ரூபாய் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வருகிறது. மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத் தொகையும் இதனுள் அடக்கம்.

இதற்கும் ஒரு வாசற்படி உண்டு. கருவுற்ற 12 வாரத்திற்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து, பிக்மி எண் பெறவேண்டும். நாள் தள்ளிப்போனதை மூன்று மாதம் வெளியில் சொல்லலாகாது என்னும் பழைய எண்ணம் இங்கே நேர்முட்டாக நிற்கிறது. ஊரார்க்குச் சொல்லவேண்டாம், செவிலியரிடம் சொல்லிவிடலாமே! அந்த எண்ணைத் தாய்வீட்டுக்குச் செல்லும்போது கையோடு கொண்டுபோகவும் வேண்டும்.

கட்டட வேலை செய்வோர் நலவாரியத்தில் பதிந்திருந்தால் அங்கும் பேறுகால உதவி உண்டு. பதிவைப் புதுப்பிக்க மறந்து, பிரசவ சமயத்தில் அட்டையைத் தேடுவோர் பலர். ஊரக வேலையைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டின் வேலையுறுதிச் சட்டம் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வேலையிடத்துக்கு வந்தால் அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வகை செய்தது. ஆனால் பேறுகாலக் கூலி பற்றி அது வாய் திறக்கவில்லை. அச்சட்டத்திற்கு மாற்றாக 2025 டிசம்பரில் பார்லிமெண்டு வேறொரு சட்டத்தை நிறைவேற்றியுள்ளது.

தொகைகளை ஒப்பிட்டால் ஏற்றத்தாழ்வு கண்ணை உறுத்துகிறது. நம் மாநில அரசு ஊழியரான பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு விடுமுறை. ஆலைப் பெண்ணுக்கு 26 வாரம். வயற்காட்டுப் பெண்ணுக்கு 14,000 ரூபாய் ரொக்கம். நாளுக்கு 400 ரூபாய் கூலி எனக் கொண்டால் அது 35 நாள் கூலி. மூவரும் சுமப்பது பத்து மாதமே.

சுமை யாருடையது?

முதலாளிமார் தரப்பையும் கேட்டல் முறை. ஈட்டுறுதித் திட்டத்துக்கு வெளியே, முழுத் தொகையும் அந்த ஒரு நிறுவனத்தின் தலையில் விழுகிறது. 12 வாரம் 26 ஆனபோது இச்சுமை இரட்டிக்கும் மேலாயிற்று. அதன் விளைவாகப் புதிதாக மணமான பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குவதும், "எப்போது பிள்ளை பெறுவாய்?" என்று நேர்முகத்தில் கேட்பதும் சில இடங்களில் நடைபெறுகின்றன. பெண்ணைக் காக்க வந்த சட்டமே அவள் வேலைக்கு இடையூறாவது விரும்பத்தக்கதன்று.

1919ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இதனை முன்னரே உணர்ந்து, இப்பணம் பொதுநிதியினின்றோ காப்பீட்டினின்றோ வரவேண்டும் என்றது. 1928ஆம் ஆண்டின் விவாதத்தில் டாக்டர் அம்பேத்கரும், பெண்ணின் உழைப்பால் பயன்பெறும் முதலாளி ஒரு பங்கு தாங்குவது நியாயமே என்று கூறியதோடு, முடிவில் பெரும்பகுதியை அரசே ஏற்கவேண்டும் என்னும் கருத்தையும் வெளியிட்டார். 2018இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம், குறைந்த ஊதியம் பெறும் பெண்களுக்கு 26 வாரம் தரும் நிறுவனங்களுக்கு ஏழு வாரக் கூலியைத் திருப்பித் தரும் யோசனை ஒன்று பரிசீலனையில் இருப்பதாக அறிவித்தது. அத்தகைய ஏற்பாடு விரிவாக வருவதே நன்று என்பது நம் எண்ணம். அதுகாறும், சுமை பெரிதென்பதைக் காரணமாகக் காட்டிக் கணக்கைச் சுருக்க யாருக்கும் உரிமையில்லை. கருவுற்றிருக்கும்போது வேலைநீக்கம் செய்தாலும், கடுமையான ஒழுங்கீனம் எழுத்துமூலம் மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, பேறுகால ஊதியம் போவதில்லை. மறுக்கப்பட்டவர்கள் தொழிலாளர் துறை அலுவலரிடம் மனுச் செய்யலாம். வேலைநீக்க உத்தரவின்மீது 60 நாளுக்குள் முறையிட வேண்டும்.

அறிவிப்புக் கடிதத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். பணத்தைத் தன் பொருட்டு யார் பெறலாம் என்று பெண் பெயர் குறிப்பிடும் வரி ஒன்று அதில் உண்டு. பலரும் அதனை நிரப்பாமல் விட்டுவிடுகின்றனர். பிரசவத்திற்குச் செல்லும் பெண்ணிடம் அதைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்று கருதுகின்றனர். பிரசவத்திலோ அதற்குப் பின்னுள்ள விடுமுறைக் காலத்திலோ தாய் இறந்து, குழந்தை பிழைத்திருந்தால், அவள் உயிரோடிருந்தால் பெறக்கூடிய முழுக்காலத்து ஊதியத்தையும் முதலாளி தந்தாக வேண்டும். அப்பணம் அந்த வரியில் பெயர் எழுதப்பட்டவரிடமே செல்லும். குழந்தையை யார் வளர்ப்பாரோ, பாட்டியோ தந்தையோ, அவர் பெயரைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.